அக்காவின் ரிப்போர்ட்டில் "பிராஃப் வி600ஈ பாசிட்டிவ்": தைராய்டு புற்று திரும்ப வருமா?

காவிரிக்கரை
ஞாயிறு, இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அக்காவுக்கு 41 வயது. ஜூன் மாதம் தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். தைராய்டு புற்றில் மிகப் பரவலான பாப்பில்லரி வகை, கட்டி 2.3 செ.மீ., சுரப்பியின் உறையைத் தாண்டவில்லை. கழுத்தில் எடுத்த ஏழு நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்று இருந்தது, பெரியது 6 மி.மீ. "நல்ல வகைப் புற்று, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நம்பி நிம்மதியாக இருந்தோம்.

போன வாரம் கவுன்ட்டரில் இன்னொரு ரிப்போர்ட் கையில் கொடுத்தார்கள். விளக்கம் சொல்ல யாரும் இல்லை, டாக்டர் லீவு. அதில் "பிராஃப் வி600ஈ மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் "தீவிரமான வகை", "திரும்ப வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு" என்றே இருக்கிறது. நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அக்காவிடம் இன்னும் காட்டவில்லை.

அம்மாவிடம் மட்டும் தெரியாமல் சொல்லிவிட்டேன். அது தப்பாகப் போய்விட்டது. "மரபணு" என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு இது பரம்பரை வியாதி என்று தோன்றிவிட்டது. அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது யார் கேட்டாலும் என்ன சொல்வது? இது வெளியே தெரியவே கூடாது" என்று அழுகிறார்.

நான் கேட்க வந்தது மூன்று. ஒன்று, அக்காவுக்கு இது திரும்ப வருமா? இரண்டு, பெண்ணுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மூன்று, அக்காவிடம் எப்படிச் சொல்வது?


வெண்புறா
ஞாயிறு, இரவு 11.52

என் கணவருக்கும் இதே வரி வந்தது. பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன்.


நுண்ணோக்கி
திங்கள், காலை 6.15

தம்பி, நான் நோயியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மா அழுகிறார் என்று எழுதியிருப்பதால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்ணுக்கு டெஸ்ட் வேண்டாம். இது பரம்பரை அல்ல.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான். மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. கேட்டவுடன் "பாட்டியிடமிருந்து வந்தது, பேத்திக்குப் போகும்" என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பிராஃப் என்பது ஒரு மரபணு. அது உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் இருக்கிறது, ஏழாவது குரோமோசோமில். அது ஒரு புரதத்தைக் கட்டுகிறது. அந்தப் புரதத்தில் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அக்காவின் கழுத்தில், தைராய்டில், ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு நாள், ஒரே ஓர் எழுத்து மாறி அந்த இடத்தில் குளூட்டமேட் வந்து உட்கார்ந்துவிட்டது. வி600ஈ என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். அந்த ஒரு செல் பெருகித்தான் கட்டியாக வந்தது. அக்காவின் மற்ற செல்களில், ரத்த அணுக்களில், கருமுட்டையில் இந்த மாற்றம் கிடையாது. அதனால் மகளுக்குப் போக வழியே இல்லை. ஆய்வகத்தில் பரிசோதித்ததும் ரத்தத்தை அல்ல, எடுத்த கட்டியை. ரிப்போர்ட்டில் "பாரஃபின் பிளாக்" என்று எங்காவது இருக்கும், பாருங்கள். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைக்கும் கட்டைக்குத்தான் அந்தப் பெயர்.

அந்த மாற்றம் என்ன செய்கிறது? உங்கள் பெயரே காவிரிக்கரை, அதனால் இப்படிச் சொல்கிறேன். செல் வளர வேண்டும் என்ற செய்தி வெளியிலிருந்து ராஸ், பிராஃப், மெக், எர்க் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறி உள்ளே போகிறது. பிராஃப் அதில் ஒரு மடை. தேவைப்படும்போது திறக்கும், போதும் என்றால் மூடும். வி600ஈ வந்தால் மடைப்பலகை கழன்றுவிடும். மேலே தண்ணீர் விடச் சொல்லி யாரும் கேட்காமலேயே வயலுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். பாப்பில்லரி புற்று வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. அக்காவுக்கு அபூர்வமான எதுவும் வந்துவிடவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் ரத்த உறவில், அதாவது பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளில், வேறு யாருக்காவது தைராய்டு புற்று வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்படிக் குடும்பத்தில் வருவது உண்டு, ஆனால் சிறு பங்குதான். அதற்கும் பிராஃபுக்கும் சம்பந்தமில்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார்
திங்கள், காலை 9.40

புள்ளியியல் கற்பித்தவன் நான். என் மனைவிக்கு 2011இல் இதே நோய். "இரண்டு மடங்கு" என்ற வார்த்தை உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, அதைப் பிரித்துக் காட்டுகிறேன்.

2015இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று. எட்டு நாடுகள், 16 மருத்துவ மையங்கள், பாப்பில்லரி நோயாளிகள் 2,099 பேர். பிராஃப் மாற்றம் இருந்தவர்களில் 20.9 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இல்லாதவர்களில் 11.6 சதவீதம். இரண்டு மடங்கு என்பது ஏறக்குறைய சரிதான். ஆனால் அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மாற்றம் உள்ள நூறு பேரில் எழுபத்தொன்பது பேருக்குத் திரும்ப வரவில்லை. மாற்றம் இல்லாத நூறு பேரில் எண்பத்தெட்டு பேருக்கு வரவில்லை. எண்கள் மாறவே இல்லை, இந்த இரண்டாவது வாக்கியத்தை நாலு நாள் முன்னால் படித்திருந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

திரும்ப வந்த அந்த 21 பேரிலும் சின்னக் கட்டி, பெரிய கட்டி, இளையவர், முதியவர் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். பிராஃப் தனியாக எவ்வளவு சொல்கிறது என்பதுதான் கேள்வி. அதே ஆய்வாளர்கள் 2013இல் 1,849 பேரை வைத்து இறப்பைக் கணக்கிட்டார்கள். மாற்றம் உள்ளவர்களில் 5.3 சதவீதம், இல்லாதவர்களில் 1.1. பார்த்தால் பதறும். ஆனால் நிணநீர் முடிச்சு, உறைக்கு வெளியே பரவல், தூரப் பரவல் இவற்றைக் கணக்கில் எடுத்தபோது பிராஃபுக்கும் இறப்புக்கும் இடையிலான அந்தத் தொடர்பு புள்ளியியல் அளவில் நிற்கவில்லை. அதாவது பிராஃப் சொல்ல வருவதில் பெரும்பகுதியை அக்காவின் பயாப்சி ரிப்போர்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்த ரிப்போர்ட் உங்கள் கையில் ஜூன் மாதமே இருந்தது. அதை வைத்து நீங்கள் நிம்மதியாகத்தான் இருந்தீர்கள்.


முத்துச்சிப்பி
திங்கள், மதியம் 2.05

வாத்தியார் சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் "பயப்படாதே" என்பதோடு இந்த இழை நின்றுவிடக் கூடாது. நிறையப் பேர் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

2013இல் எனக்கு ஆபரேஷன், அப்போது வயது 54. கட்டி 3.5 செ.மீ. அந்தக் காலத்தில் மரபணு டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள், 2015இல் மறுபடியும் கொடுத்தார்கள். 2017இல் தைரோகுளோபுலின், அதாவது தைராய்டு செல்கள் மட்டும் ரத்தத்தில் விடும் புரதம், ஏற ஆரம்பித்தது. அயோடின் ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமாக இருக்கிறது என்றார்கள். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எட்டு மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் வேறு ஊருக்குப் போய்ப் பெட் ஸ்கேன் எடுத்ததில் கழுத்தில் இரண்டு முடிச்சு, நுரையீரலில் சின்னப் புள்ளிகள். பழைய பிளாக்கை வாங்கிப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, பிராஃப் மாற்றமும் இருக்கிறது, டெர்ட் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றமும் இருக்கிறது.

தம்பி, நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: டெர்ட் பார்த்தீர்களா? 2014இல் 507 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு மாற்றமும் இல்லாதவர்களில் 8.7 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களில் 68.6 சதவீதம். இந்த எண்ணை எனக்கு யாரும் 2014இல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எட்டு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.


காவிரிக்கரை
திங்கள், மாலை 4.30

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது. ஆனாலும் சொன்னதற்கு நன்றி. டெர்ட் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அக்கா ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை. இல்லை என்றால் நெகட்டிவா, அல்லது பார்க்கவே இல்லையா?


நுண்ணோக்கி
திங்கள், இரவு 8.50

பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பார்த்திருந்தால் "கண்டறியப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கும்.

டெர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், எப்படி நடக்கிறது என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம் நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் செல் பிரிவதை நிறுத்திவிடும். அந்த நுனியை மறுபடி வளர்க்கும் நொதியை உண்டாக்குவது டெர்ட் மரபணு. வளர்ந்த மனிதரின் பெரும்பாலான செல்களில் அது உறங்கிக் கிடக்கும். 2013இல் முதலில் மெலனோமா என்ற தோல் புற்றிலும், அதே ஆண்டில் தைராய்டிலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மாற்றம் டெர்ட் மரபணுவின் உள்ளே இல்லை, அதை எழுப்பும் முகப்புப் பகுதியில் இருந்தது. சி228டி, சி250டி என்று இரண்டே இடங்கள்.

அந்த ஓர் எழுத்து மாறும்போது அங்கே ஒரு புதிய இருக்கை உருவாகிறது. அதில் வந்து உட்காரும் புரதங்களைத் தூண்டிவிடுவது யார் தெரியுமா? பிராஃப் வழியாக வரும் அதே எர்க் செய்தி. காலையில் சொன்ன மடையை நினைத்துப் பாருங்கள். பிராஃப் மாறியதால் தண்ணீர் நிற்காமல் வருகிறது. டெர்ட் மாற்றம் என்பது அந்தத் தண்ணீரையே குறிவைத்து வெட்டிய புது வாய்க்கால். வாய்க்கால் இல்லாமல் தண்ணீர் வந்தால் ஓரளவு சேதம். தண்ணீர் இல்லாத வாய்க்கால் காய்ந்து கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கரை உடைகிறது. அதனால்தான் முத்துச்சிப்பி அம்மா சொன்ன எண் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகப் போகிறது.

தம்பி, இப்போது உங்களுக்கு. சாதாரணப் பாப்பில்லரியில் டெர்ட் மாற்றம் பத்துப் பேரில் ஒருவர் அளவில்தான். அதிலும் வயது கூடக் கூடத்தான் அதிகம். இளையவர்களிடம் மிகக் குறைவு. அனாபிளாஸ்டிக் என்ற கொடிய வகையில்தான் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. 41 வயதில், உறை தாண்டாத 2.3 செ.மீ. கட்டியில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பிளாக் ஆய்வகத்தில் இருக்கிறது, புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

முத்துச்சிப்பி அம்மாவுக்கு ஸ்கேன் ஏன் சுத்தமாகத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் நடக்கிறது. தைராய்டு செல் தன் சுவரில் உள்ள ஒரு வாசல் வழியாக அயோடினை உள்ளே இழுக்கும். எர்க் செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த வாசல் குறைந்துபோகும். வாசல் இல்லாத செல்லுக்குள் கதிரியக்க அயோடின் போகாது. ஸ்கேனில் ஒளிராது, சிகிச்சையிலும் சாகாது. எண் ஏறுகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் அதற்கு அர்த்தம் நோய் இல்லை என்பதல்ல, தேடும் கருவியை மாற்ற வேண்டும் என்பது.


ஓய்வுபெற்ற வாத்தியார்
திங்கள், இரவு 9.30

ஒரு சின்னக் குறிப்பு. 68.6 சதவீதம் என்பது 35 பேரில் 24 பேர். 507 பேரில் இரண்டு மாற்றமும் இருந்தவர்கள் அந்த 35 பேர்தான். திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தசமப்புள்ளியைத் தலைவிதி மாதிரி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருந்தால் சதவீதம் பதினான்கு நகர்ந்திருக்கும்.


வெண்புறா
செவ்வாய், காலை 7.10

இந்த மாற்றம் எதனால் வருகிறது? செல்போன், பிளாஸ்டிக், அயோடின் உப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் கணவர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.


நுண்ணோக்கி
செவ்வாய், காலை 7.45

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தைராய்டு புற்றுக்கு உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம் சிறு வயதில் கழுத்தில் படும் கதிர்வீச்சு. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. சில வருடங்களில் பெலாரூஸ், உக்ரைன் குழந்தைகளுக்கு இந்தப் புற்று வர ஆரம்பித்தது. அவர்கள் கட்டிகளில் அதிகம் பார்த்தது எழுத்து மாறும் பிராஃப் வகை மாற்றத்தை அல்ல. டி.என்.ஏ. இழை அறுந்து தவறான இடத்தில் ஒட்டிக்கொண்ட இணைவுகளைத்தான், குறிப்பாக ரெட் மரபணு இணைவுகளை. அந்த விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளைச் சோதித்ததில் புதிய மாற்றங்கள் கூடுதலாக இல்லை என்றும் 2021இல் ஆய்வு வந்தது.

உங்கள் கணவருக்கு வந்த பிராஃப் மாற்றம் செல் பிரியும்போது நேர்ந்த எழுத்துப்பிழை. உப்பை நிறுத்தாதீர்கள்.


பனங்கூடல்
செவ்வாய், மாலை 6.20

நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொராண்டோவில். எனது கதை இதற்கு மறுபக்கம், சொன்னால் ஆருக்காவது உதவும்.

2015இல் எனக்குச் சத்திரசிகிச்சை. ஃபொலிகுலர் சாயலுள்ள பாப்பில்லரி புற்றுநோய் என்றார்கள். ராஸ் மாற்றம் இருந்தது. ஒரு வருடம் முழுக்க நான் புற்றுநோயாளி. ஊரில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. வேலையில் சொன்னேன், முகங்கள் மாறினதைப் பார்த்தேன். அடுத்த வருடம் வைத்தியர் கூப்பிட்டு, உங்களுடைய கட்டி முழுவதும் உறைக்குள்ளே இருந்தது, எங்கேயும் ஊடுருவவில்லை, அப்படியான கட்டிகளை இனிப் புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றார். 2016இல் உலக நோயியல் நிபுணர்கள் கூடி அந்த வகைக்கே பெயர் மாற்றினார்கள். பெயரிலிருந்து "புற்று" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

காரில் இருந்து அரை மணித்தியாலம் அழுதேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே விளங்கவில்லை.

நான் சொல்ல வாறது இதுதான். எனக்கு மரபணு மாற்றம் இருந்தது, ஆனால் புற்றுநோய் இருக்கவில்லை. ராஸ் மாற்றம் சாதாரணக் கட்டியிலும் இருக்குமாம். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் தம்பி. நுண்ணோக்கியின் கீழே என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கோ.


மூன்று தலைமுறை
புதன், காலை 5.30

நுண்ணோக்கி மேடம் "பரம்பரை அல்ல" என்று எழுதியது பாப்பில்லரிக்குச் சரி. ஆனால் தேடுபொறியில் "தைராய்டு புற்று பரம்பரையா" என்று போட்டு இந்த இழைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பாப்பில்லரி இருக்காது. எங்கள் வீட்டுக் கதை வேறு.

எங்களுக்கு வந்தது மெடுல்லரி. அது தைராய்டின் வேறு செல்லிலிருந்து, கால்சிடோனின் சுரக்கும் சி செல்லிலிருந்து வருவது. அயோடினுக்கு அசையாது. அப்பா 51 வயதில் போய்விட்டார், கழுத்துக் கட்டி என்றுதான் ஊரில் சொன்னார்கள். எனக்கு 34 வயதில் வந்தது. அப்போதுதான் ரெட் மரபணுவை ரத்தத்தில் பரிசோதித்தார்கள். கட்டியில் அல்ல, ரத்தத்தில். 634ஆவது இடத்தில் மாற்றம். இது பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் இருப்பது. பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இரண்டு பிள்ளைகள். மகளுக்கு இல்லை. மகனுக்கு இருந்தது, அப்போது அவனுக்கு நாலரை வயது. கட்டி எதுவும் இல்லாத, ஓடி விளையாடும் பிள்ளையின் தைராய்டை எடுக்கச் சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். 634 உள்ள பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்னொரு வகை, 918ஆவது இடத்தில் மாறுவது, அதற்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே. எடுத்துப் பார்த்ததில் சி செல்கள் பெருக ஆரம்பித்திருந்தன, புற்றாகவில்லை. இன்று அவனுக்குப் பதினாறு. காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

மெடுல்லரி வந்தவர்களில் நாலில் ஒருவருக்குப் பரம்பரை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும் எல்லா மெடுல்லரி நோயாளிகளும் ரெட் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, ரெட் மாற்றம் இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேஜையிலேயே ரத்த அழுத்தம் எகிறும்.

வரன் பற்றி உங்கள் அம்மா சொன்னதைப் படித்தேன். எங்கள் சித்தப்பா குடும்பத்தில் அதே காரணத்துக்காக டெஸ்ட் எடுக்கவே மறுத்தார்கள். இப்போது அந்தத் தங்கைக்கு 29 வயது, நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.


காவிரிக்கரை
புதன், காலை 8.00

அண்ணா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்காகிட்ட சொல்லிடுடா" என்றார்.


ஓய்வுபெற்ற வாத்தியார்
புதன், காலை 11.15

முத்துச்சிப்பி அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் எல்லோரும் எல்லா டெஸ்டும் எடுக்க வேண்டும் என்று இங்கே படிப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் பிராஃபை எல்லோருக்கும் வழக்கமாகப் பார்க்கச் சொல்லவில்லை. மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்த்தால் கணிப்பைக் கூர்மையாக்கலாம் என்றுதான் சொன்னது.

காரணம் இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதல் ஒரு செ.மீ.க்கும் சிறிய பாப்பில்லரி கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கண்காணித்தே வருகிறார்கள். 1,235 பேரைப் பார்த்ததில் பத்து வருடத்தில் கட்டி 3 மி.மீ. வளர்ந்தது 8 சதவீதம் பேருக்குத்தான். தென் கொரியாவில் ஸ்கேன் பரவியதால் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்று எண்ணிக்கை பதினைந்து மடங்கானது, இறப்பு மட்டும் மாறவில்லை. அங்கே பாப்பில்லரி கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பிராஃப் மாற்றம் இருக்கிறது. எல்லார் நெற்றியிலும் இருக்கும் பொட்டை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா? 6 மி.மீ. கட்டிக்குப் பிராஃப் எடுத்து, பாசிட்டிவ் என்று பயந்து, தேவையில்லாமல் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு, குரல் நரம்பும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளும் போனவர்களை நான் அறிவேன். என் மனைவிக்கு இன்றுவரை கால்சியம் மாத்திரை நிற்கவில்லை.


முத்துச்சிப்பி
புதன், மதியம் 1.40

6 மி.மீ. கட்டிக்கு வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன் சார். அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் 55 வயதைத் தாண்டியவர்கள், பெரிய கட்டி, உறை தாண்டியது, செல்கள் உயரமாகத் தெரியும் தீவிரமான உயர்செல் வகை என்று பயாப்சியில் வந்தவர்கள், அயோடின் ஏறாதவர்கள், இவர்களுக்குப் பார்க்க வேண்டும். கணிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, மருந்துக்காகவும் சொல்கிறேன். பிராஃப் வி600ஈ உள்ள அனாபிளாஸ்டிக் நோய்க்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க 2018இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அதற்கு முன்னால் அந்த நோய் என்றால் கணக்கு மாதங்களில்தான். மூன்று தலைமுறை தம்பியின் தங்கைக்கு ரெட்டைக் குறிவைக்கும் செல்பெர்கட்டினிப் என்ற மருந்து இருக்கிறது, 2020இல் வந்தது. தம்பி, அதைப் பற்றிக் கேட்டீர்களா?

அந்த அயோடின் வாசலை மருந்தால் மறுபடி திறக்கவும் முயற்சி நடக்கிறது. 2013இல் மெக்கைத் தடுக்கும் செலுமெட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்து 20 பேரிடம் பார்த்ததில் 12 பேருக்கு அயோடின் ஏறுவது கூடியது, அதில் எட்டுப் பேருக்கு மறுபடி அயோடின் சிகிச்சை கொடுக்க முடிந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை என்றார்கள். 2021லிருந்து, அயோடின் ஏறாத புற்றுக்குக் கொடுக்கும் லென்வாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். பி.பி. ஏறுகிறது, வயிறு படுத்துகிறது, உள்ளங்கால் எரிகிறது. ஆனால் நுரையீரல் புள்ளிகள் நாலு வருடமாக அப்படியே நிற்கின்றன. பேத்தி காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டேன்.


மூன்று தலைமுறை
புதன், இரவு 10.10

கேட்டோம் அம்மா. விலைதான். ஒரு மருத்துவமனையில் உதவித் திட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.


காவிரிக்கரை
ஏழு மாதம் கழித்து, ஞாயிறு, காலை 10.00

இந்த இழையை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாலு நாளா உன் மூஞ்சியைப் பார்த்து நான் வேற என்னமோன்னு நினைச்சேன்டா" என்றாள். அவள் என்னைவிட முன்னாலேயே பயந்திருக்கிறாள், என்ன என்று தெரியாமல்.

டாக்டரிடம் டெர்ட் கேட்டோம். அவர் தயங்கவில்லை, அதே பிளாக்கில் பார்க்க எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் நெகட்டிவ் என்று வந்தது. முடிச்சு 6 மி.மீ. இருந்ததால் நடுத்தர ஆபத்து என்று சொல்லி 30 மில்லிக்யூரி அயோடின் கொடுத்தார்கள். போன வாரம் தைரோகுளோபுலின் 0.1க்குக் கீழே. கழுத்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "பிராஃபைவிட இந்த ரிப்போர்ட் எனக்கு நிறையச் சொல்லுது" என்றார் டாக்டர். சிகிச்சைக்கு இப்படி முழுமையாகப் பதில் கிடைத்தவர்களுக்குத் திரும்ப வருவது நூற்றில் ஒன்று முதல் நாலு பேர் அளவில்தானாம்.


நுண்ணோக்கி
ஞாயிறு, காலை 10.25

மனசு நிறைந்தது தம்பி. ஒன்று மட்டும் கேட்கிறேன், தைரோகுளோபுலின் ஆன்ட்டிபாடியும், அதாவது அந்தப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும், சேர்த்துப் பார்த்தார்களா? அது ரத்தத்தில் இருந்தால் தைரோகுளோபுலின் எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.


காவிரிக்கரை
ஞாயிறு, காலை 10.40

பார்த்தார்கள் மேடம், இல்லை. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.


ஆலமரத்தடி
ஞாயிறு, இரவு 9.15

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என் அம்மாவுக்கு 63 வயது. நேற்று ரிப்போர்ட் வந்தது, பிராஃப் பாசிட்டிவ். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள், இது திரும்ப வருமா?


காவிரிக்கரை
ஞாயிறு, இரவு 9.22

வணக்கம். நான் இருக்கிறேன், இப்போதே பேசலாம். பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வகை என்று போட்டிருக்கிறது? கட்டி எத்தனை செ.மீ.? உறையைத் தாண்டியதா? முடிச்சுகள் எத்தனை? டெர்ட் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அம்மாவுக்குத் தெரியுமா?